டோபமைன் மாத்திரையும் கை கால் வேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு மருந்தகக் கவுன்டருக்குப் பின்னால் 14 வருடமாக நிற்கிறேன். என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். இந்த இரண்டும் ஊருக்குத் தெரியும் என்பதால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது பக்கத்து நாற்காலிக்கு வந்து “அந்த டோபமைன் மாத்திரை இருக்கே...” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சாம்பார் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இவை பார்க்கின்சன் இல்லாதவர்கள் கேட்டவை. பார்க்கின்சனுக்கு மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அளவை மாற்ற வேண்டாம்.

டோபமைன்னா சந்தோஷ ஹார்மோன்தானே? அதுக்கும் கை கால் ஆட்டறதுக்கும் என்ன சம்பந்தம்?

டோபமைன் என்பது மூளை நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வேதிப்பொருள்களில் ஒன்று. சந்தோஷத்தோடு அதை ஒட்டவைத்தது யார் என்று தெரியவில்லை. அதன் வேலை முதலில் வெளிச்சத்துக்கு வந்ததே அசைவின் வழியாகத்தான். 1950களின் கடைசியில் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். மூளையில் இருந்த டோபமைன் காலியானது. முயல்கள் காதைத் தொங்கப்போட்டு, உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துபோயின. பிறகு டோபமைனாக மாறக்கூடிய லெவோடோபாவை ஊசியில் ஏற்றினார். சற்று நேரத்தில் எழுந்து ஓடின. இதற்காக 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அந்த ரெசர்பின் நம் ஊர் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ‘போ’ என்று ஒரு பாதையும் ‘பொறு’ என்று ஒரு பாதையும் எப்போதும் இழுபறியில் இருக்கின்றன. டோபமைன் ‘போ’வைத் தூக்கிவிட்டு ‘பொறு’வை அடக்குகிறது. அது வற்றினால் எந்த அசைவையும் தொடங்குவதே பெரும்பாடாகிவிடும்.

தாத்தா மாத்திரை போட்ட அரை மணியில ஜம்முனு நடக்கிறார். நான் போட்டா இன்னும் வேகமா ஓடுவேனா?

இதைக் கேட்டது என் அக்கா மகன். வயது 20, விடிய விடிய துப்பாக்கி சுடும் கேம் ஆடுபவன். அவனுக்குச் சொன்னதையே சொல்கிறேன். வீணையில் தளர்ந்த தந்தியை முறுக்கினால் சுருதி சேரும். சுருதி சேர்ந்த தந்தியை மேலும் முறுக்கினால் என்ன ஆகும்? பார்க்கின்சனில் நடுக்கமும் விறைப்பும் வெளியே தெரிவதற்குள், டோபமைன் தயாரிக்கும் செல்களில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருக்கும். தாத்தாவுக்கு மாத்திரை பள்ளத்தை நிரப்புகிறது. உனக்குப் பள்ளமே இல்லை.

தாத்தா மாத்திரையில் இருக்கும் அதே லெவோடோபாவை ஆரோக்கியமானவர்களுக்கு 100, 150 மில்லிகிராம் கொடுத்துப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய வேலைகளில் வேகம் பெரும்பாலும் சொல்லும்படி கூடவில்லை. பரிசு நிறைய வரும் நேரத்தில் கொஞ்சம் சுறுசுறுப்பாக இயங்குவது, எதிலிருந்து லாபம் வரும் என்று கற்றுக்கொள்ளும் விதம் மாறுவது போன்ற நுணுக்கமான மாற்றங்கள்தான் அதிகம் தென்பட்டன. அடிக்கடி வரக்கூடியது குமட்டல். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றவும் செய்யலாம்.

ரியாக்‌ஷன் டைம்னு எதைச் சொல்றீங்க? எவ்வளவு மாறினா பெரிய மாற்றம்?

ஒன்றைப் பார்ப்பது, என்ன செய்வதென்று முடிவெடுப்பது, தசையை அசைப்பது: மூன்றும் சேர்ந்த நேரம் அது. வெளிச்சத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்த இளைஞர்களுக்கு ஏறக்குறைய 0.2 முதல் 0.25 விநாடி பிடிக்கும். ஒலிக்கு இன்னும் குறைவு. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 விநாடிக்குள் கிளம்பினாலே தவறான தொடக்கம் என்று எழுதிவிடுவார்கள். அதைவிட வேகமாக மனித உடம்பு கேட்டுக் கிளம்ப முடியாது என்பது கணக்கு.

வீட்டிலேயே அளக்கலாம். 30 சென்டிமீட்டர் ஸ்கேலை ஒருவர் மேலே பிடித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவர் கீழ்நுனியில் விரல்களைத் தொடாமல் திறந்து வைத்திருந்து, விட்டதும் பிடிக்க வேண்டும். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.175 விநாடி, 20 என்றால் 0.2, 25 என்றால் 0.226. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நாங்கள் இதைச் செய்தோம். பத்து தடவை சராசரியில் அக்கா மகன் 16, நான் 22. மாத்திரை நேரம் நெருங்கியிருந்த அப்பாவின் விரல்களுக்கு நடுவே முதல் இரண்டு தடவை ஸ்கேல் முழுதாக விழுந்து மேசையில் மோதியது. அடுத்த வேளை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து 27, 26, 28. அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

மருந்து ஆய்வுகளில் பேசப்படும் வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த ஸ்கேலில் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். நேற்று சரியாகத் தூங்கவில்லை என்றால் அதைவிட அதிகமாக இழப்பீர்கள்.

அப்போ டோபமைன் வேகத்தையே கூட்டாதா? பின்ன ஏன் எல்லாரும் வேகம் வேகம்கிறாங்க?

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. 2007இல் நியூயார்க்கில் வந்த ஓர் ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளையும் நலமானவர்களையும் குறிப்பிட்ட வேகத்தில் கையை நீட்டச் சொன்னார்கள். நோயாளிகளாலும் அந்த வேகத்தைத் தொட முடிந்தது, குறியும் மற்றவர்களைவிடத் தவறவில்லை. ஆனால் அந்த வேகத்தில் போதுமான தடவை செய்து முடிக்க அவர்களுக்கு அதிக முயற்சிகள் தேவைப்பட்டன. ‘இவ்வளவு சிரமப்படத் தகுமா?’ என்று மூளை போடும் கணக்கில்தான் கோளாறு என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் பாருங்கள். ஏழு நிமிடத்தில் அடுத்த பேருந்து என்றால் ஆடி அசைந்து போகிறோம். கடைசிப் பேருந்து என்றால் அதே கால் ஓடுகிறது. காலின் திறன் மாறவில்லை. செலவழிக்கும் மனம் மாறியது. அந்த மனத்தைத் திருப்பும் திருகாணிகளில் ஒன்று டோபமைன். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ரிட்டலின் போட்டா பரீட்சையில பறக்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான். நிஜமா?

ரிட்டலினும் கான்செர்ட்டாவும் ஏடிஎச்டிக்கு (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு) கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தின் விற்பனைப் பெயர்கள். நரம்பு முனையில் வெளியான டோபமைனையும், அதைப் போன்ற இன்னொரு செய்திப் பொருளான நோரட்ரினலினையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாயிலை அது அடைக்கிறது. நலமானவர்களிடம் அது செய்வதாகத் தொடர்ந்து தெரியும் ஒன்று, கவனம் நழுவும் கணங்களைக் குறைப்பது. பத்து தடவை ஸ்கேல் பிடித்தால் ஒன்றிரண்டு தடவை நினைப்பு எங்கோ போய்த் தாமதமாகும் அல்லவா? அந்த மோசமானவை குறையும், சராசரி கொஞ்சம் மேம்படும். உங்கள் மிகச் சிறந்த பிடி அதைவிடச் சிறந்ததாகிவிடாது. தூக்கம் கெட்டவரிடம் பலன் பெரிதாகத் தெரியும். நன்றாகத் தூங்கியவரிடம் தேட வேண்டியிருக்கும்.

2023இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஆய்வு ஒன்றை இளையர்களிடம் தவறாமல் சொல்கிறேன். நலமான 40 பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன், மோடாஃபினில், வெற்று மாத்திரை என்று வெவ்வேறு நாளில் கொடுத்து, எடைக்கு வரம்புள்ள ஒரு பையில் எந்தெந்தப் பொருளை வைத்தால் மதிப்பு கூடும் என்ற புதிரைக் கொடுத்தார்கள். மருந்து போட்ட நாளில் ஆட்கள் அதிக நேரம் உழைத்தார்கள், பொருள்களை அதிக தடவை உள்ளேயும் வெளியேயும் மாற்றினார்கள். அந்த உழைப்பின் தரமோ இறங்கியது. மருந்தில்லாமல் சராசரிக்கு மேல் செய்தவர்கள் மருந்தோடு சராசரிக்குக் கீழே போகும் போக்கும் தெரிந்தது. முந்தைய பதிலில் சொன்ன அதே கதை: செலவழிக்கும் மனம் கூடுகிறது, சாமர்த்தியம் கூடுவதில்லை.

சட்டப் பக்கமும் உண்டு. மெத்தில்ஃபெனிடேட் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. நண்பன் பெயருக்கு எழுதிக் கொடுத்ததை வாங்கிப் பையில் வைத்திருப்பது விளையாட்டுக் காரியமல்ல.

ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு அதே மாத்திரை அமைதியைக் கொடுக்குது. என் பிள்ளைக்கு மட்டும் எப்படித் துள்ளலைக் கொடுக்கும்?

‘அமைதியாகிவிட்டால் அது ஏடிஎச்டிதான்’ என்று மாத்திரையையே பரிசோதனையாகப் பயன்படுத்தப் பார்க்கும் பெற்றோர் உண்டு. தவறு. சிறிய அளவில் நலமான பிள்ளைகளும் கொஞ்சம் அடங்கி, கவனமாக இருப்பார்கள். மாத்திரை வேலை செய்வதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. துள்ளலும் படபடப்பும் அளவு கூடும்போது வருபவை.

வாந்திக்குக் கொடுத்த மாத்திரையில பொண்ணுக்குக் கழுத்து ஒரு பக்கமா திரும்பிக்கிச்சு. இதுவும் டோபமைனா?

ஆமாம். வேகம் தேடி வருபவர்களைவிட இந்தக் கேள்வியோடு வருபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின் இரண்டும் வாந்தியையும் தலைசுற்றலையும் நிறுத்த டோபமைன் உட்காரும் இடத்தை மறிக்கின்றன. வாந்தி மையத்தில் மட்டும் மறித்தால் பரவாயில்லை, ஸ்ட்ரையேட்டத்திலும் மறித்துவிடும். சிலருக்கு, முக்கியமாகச் சிறுவர்களுக்கும் இளம்பெண்களுக்கும், முதல் ஓரிரு நாளில் கழுத்து முறுக்கிக்கொள்ளும், தாடை இறுகும், கண் மேலே சொருகும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 19 வயதுப் பெண்ணுக்கு இரவு இப்படி ஆனது. பாட்டி திருநீறு பூசி வேப்பிலை தேட, அப்பா வலிப்பு என்று நினைத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். அவசரப் பிரிவில் பென்ஸ்ட்ரோபின் ஊசி போட்டதும் சில நிமிடங்களில் கழுத்து நேரானது. பார்க்கப் பயங்கரம்தான், சரிசெய்வது எளிது. ஒருமுறை இப்படி வந்தவர் அந்த மருந்தின் பெயரை எழுதி வைத்து ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013இலேயே மெட்டோகுளோப்ரமைடை 5 நாளுக்கு மேல் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. டோம்பெரிடோனும் டோபமைனை மறிப்பதுதான். அது மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைவதால் இந்தத் தொல்லை அரிது. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலும் எச்சரிக்கை வேண்டும்.

அம்மா தலைசுற்றுக்கு வருஷக்கணக்கா ஒரு மாத்திரை போடுறாங்க. இப்போ நடை தேய்ஞ்சு போச்சு, முகத்துல சிரிப்பே இல்ல. வயசா?

வயசாக இருக்கலாம். மாத்திரையாகவும் இருக்கலாம், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சின்னரசின், ஃபுளுனரசின் இரண்டும் பொதுவாக ‘தலைசுற்று மாத்திரை’, ‘ஒற்றைத் தலைவலி மாத்திரை’ என்றே அறியப்படுகின்றன. அவற்றுக்கும் டோபமைனை மறிக்கும் குணம் உண்டு. முதியவர்கள் மாதக்கணக்கில் எடுத்தால் பார்க்கின்சனைப் போலவே நடுக்கம், விறைப்பு, சிறு சிறு அடி எல்லாம் வரலாம். நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ விலகும். சிலருக்கு விலகாது, அவர்களிடம் உண்மையான பார்க்கின்சன் ஒளிந்திருந்திருக்கலாம்.

இதில் நடக்கும் கொடுமை, மருந்தால் வந்த நடுக்கத்துக்கு இன்னொரு மருந்து சேர்வது. அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது “எப்போதிலிருந்து மெதுவானார், எப்போதிலிருந்து இந்த மாத்திரை” என்று இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதிக் கண்டுபிடிப்பு அதிலேயே முடிந்துவிடும்.

டோபமைனை மறிக்கிற மருந்தை ஒரே ஒரு தடவை போட்டாலும் நல்லா இருக்கிற ஆளுக்கு ஏதாவது ஆகுமா?

1977இல் இரண்டு மருத்துவர்கள், மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் 5 மில்லிகிராமைத் தங்களுக்கே ரத்தக் குழாயில் ஊசியாக ஏற்றிக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். சில நிமிடங்களில் நினைப்பும் அசைவும் மந்தமாயின. கூடவே உள்ளுக்குள் உட்காரவும் முடியாத, நிற்கவும் முடியாத ஒரு தவிப்பு. மருத்துவமனையில் கொடுக்கும்போது “அவர் முரண்டு பிடிக்கிறார்” என்று குடும்பத்தார் சொல்வது பல நேரம் இந்தத் தவிப்பைத்தான்.

காலில் குடைச்சலுக்கு டோபமைன் மாதிரியே வேலை செய்யற மாத்திரை குடுத்தாங்க. போட்டா தூக்கம் தூக்கமா வருது. தலைகீழா இருக்கே?

பிரமிபெக்சோல் அல்லது ரோபினிரோல் கொடுத்திருப்பார்கள். இரவில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தூண்டும் தொல்லைக்கு மிகச் சிறிய அளவில் தருவது. டோபமைன் வெளியிடும் நரம்பிலேயே ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். ‘வெளியே போதுமான அளவு இருக்கிறது, தயாரிப்பை நிறுத்து’ என்று சொல்வது அவன் வேலை. சிறிய அளவு மருந்து முதலில் அவனைத்தான் எழுப்புகிறது. அதனால் சொந்த டோபமைன் குறைந்து, நலமானவருக்குக்கூடத் தூக்கமும் மந்தமும் வரும். ‘டோபமைன் மருந்து என்றால் வேகம்’ என்ற கணக்கு உடையும் இடம் இது. சூதாட்டம், அளவில்லாமல் பொருள் வாங்குவது போன்ற ஆசைகள் திடீரென்று தலைதூக்கினால் அதையும் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். அதுவும் மருந்தின் வேலைதான்.

தினமும் மூணு கோப்பி ஓ (பால் சேர்க்காத காபி) குடிக்கிறேன். அதுவும் இந்த லிஸ்ட்ல வருமா?

பின்வாசல் வழியாக வரும். காஃபீன் டோபமைனை நேராகத் தொடுவதில்லை. அடினோசின் என்ற சோர்வுச் செய்தியை மறிக்கிறது. ஸ்ட்ரையேட்டத்தில் அடினோசின் உட்காரும் இடமும் டோபமைன் உட்காரும் இடமும் ஒரே செல்லில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒன்றையொன்று இழுக்கின்றன. ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும். இந்த வழியிலேயே வேலை செய்யும் இஸ்ட்ரடெஃபிலின் என்ற பார்க்கின்சன் மருந்து 2013இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கோப்பி ரியாக்‌ஷன் டைமைக் கொஞ்சம் குறைப்பது உண்மை. தினமும் குடிப்பவருக்கு அதில் ஒரு பகுதி, குடிக்காததால் வந்த மந்தத்தைத் தீர்ப்பதுதான்.

பூனைக்காலி பொடி இயற்கையானது, அதுல டோபமைன் இருக்குன்னு லிட்டில் இந்தியா தேக்காவுல சொன்னாங்க. ஜிம்முக்கு முன்னாடி எடுக்கலாமா?

பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபாவேதான், ஏறக்குறைய 4 முதல் 6 விழுக்காடு. அப்பாவின் மாத்திரையில் இருக்கும் அதே பொருள். அவர் மாத்திரையில் அதோடு பென்செரசைடு சேர்ந்திருக்கிறது. லெவோடோபா வழியிலேயே, ரத்தத்திலேயே டோபமைனாக மாறி வீணாகாமல் தடுத்து மூளைக்கு அனுப்புவது அதன் வேலை. பொடியில் அந்தக் காவல் இல்லை. அதனால் குமட்டல் அதிகம், அளவும் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். வேகம் பற்றிய பதில் தாத்தா கேள்வியில் சொன்னதுதான். வீட்டில் யாராவது ஏற்கெனவே லெவோடோபா எடுத்தால், அவருக்கு இந்தப் பொடியைப் பாலில் கலந்து கொடுப்பது கணக்கில் வராத இன்னொரு மாத்திரையைக் கொடுப்பதற்குச் சமம்.

இதெல்லாம் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா?

தீவு விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 0.1 விநாடி தாமதித்தால் 2.5 மீட்டர் கூடுதலாகப் போயிருப்பார். தூக்கம் வரவழைக்கும் வாந்தி மாத்திரை, பிரமிபெக்சோல் இவற்றோடு முதல் சில நாள் ஓட்ட வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துதானே என்பது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் தப்பும் வழியல்ல. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு எந்த மருந்தின் பிடியில் ஓட்டினாலும் குற்றம். மெத்தில்ஃபெனிடேட் போன்றவற்றில் ஆபத்து வேறு: மருந்து இறங்கும் நேரத்தில் களைப்பு மொத்தமாக வந்து அமுக்கும்.

போட்டியில கலந்துக்கிறவங்க?

மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன் இரண்டையும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு போட்டி நாளில் தடை செய்திருக்கிறது. ஏடிஎச்டிக்காக உண்மையிலேயே எடுப்பவர் முன்கூட்டியே மருத்துவ விலக்குக் கேட்க வேண்டும். கேம் ஆடுபவர்களும் தப்பவில்லை. 2015இலேயே ஈஎஸ்எல் என்ற அமைப்பு நடத்தும் கேம் போட்டிகளில் சோதனை தொடங்கியது.

நான் ஒரு தடவை ட்ரை பண்ணேன், கை நிஜமாவே ஷார்ப்பா இருந்துச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?

உணர்ந்ததை மறுக்கவில்லை. அளந்தீர்களா என்றுதான் கேட்கிறேன். அக்கா மகனுக்கும் எனக்கும் இதில் பந்தயமே நடந்தது. “தாத்தா மாத்திரையில் பாதி” என்று சொல்லி ஒரு வைட்டமின் சி மாத்திரையை உடைத்துக் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில், “சித்தி, கை தானா போகுது” என்றான். ஸ்கேலை எடுத்தோம். பத்து தடவை சராசரி 17. வைட்டமின் என்று சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவனைக் கேலி செய்ய முடியாது. 2001இல் கனடாவில், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வெற்று ஊசி போட்டபோதுகூட மருந்து வருகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே ஸ்ட்ரையேட்டத்தில் சொந்த டோபமைன் வெளியானதைப் படமெடுத்துக் காட்டினார்கள். எதிர்பார்ப்பே ஒரு டோபமைன் மருந்து. அதனால்தான் ஆய்வுகளில் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எது எதுவென்று தெரியாமல் வைக்கிறார்கள்.

வயசானா டோபமைன் குறையுமாமே. 70 வயசுக்காரர் கொஞ்சமா எடுத்தா பழைய வேகம் வருமா?

குறைவது உண்மை. டோபமைன் உட்காரும் இடங்கள் பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 10 விழுக்காடு குறைவதாக மூளைப் படங்கள் காட்டுகின்றன. 2013இல் லண்டனில் முதியவர்களுக்கு லெவோடோபா கொடுத்துப் பார்த்ததில் சிலருக்குப் பரிசிலிருந்து கற்கும் திறன் மேம்பட்டது, எல்லாருக்கும் இல்லை. தளர்ந்த தந்தி யாருடையது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் 70 வயதில் மெதுவாவது கண், மூட்டு, தசை, தூக்கம் எல்லாம் சேர்ந்து. அதில் ஓர் இழைக்காக, எழுந்தால் தலை சுற்றும் மாத்திரையைக் கொடுத்துக் குளியலறையில் விழவைப்பது நல்ல பேரமாக எனக்குப் படவில்லை.

நான் போடுற மாத்திரை கூட்டுற பக்கமா மறிக்கிற பக்கமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடுங்கள், அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் பாருங்கள். மேலே நான் சொன்ன பெயர்களில் ஒன்று இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், சிலவற்றைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். வரும்போது பலதுறை மருந்தகத்தில் கொடுத்தது, ஜோகூரில் வாங்கியது, தேக்காவில் பொட்டலம் கட்டியது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பாட்டிகள் பொட்டலத்தை மட்டும் கைப்பையிலேயே வைத்துக்கொள்வார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள்.